வட்டம் போட்ட 25,000

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 61. போன மாதம் ஹார்ட் அட்டாக் வந்தது. இரண்டு மணி நேரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்; ஆஞ்சியோ செய்து ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் ட்ரோபோனின் 25,000-க்கு மேல், என்டி-ப்ரோபிஎன்பி 1,840, பம்பிங் 48 சதவீதம் என்று இருக்கிறது. ட்ரோபோனின் 34-க்குள் இருந்தால்தான் நார்மலாம். அப்பா அந்த 25,000-ஐப் பேனாவால் வட்டம் போட்டுவிட்டுத் தூக்கமில்லாமல் கிடக்கிறார். இனி என்ன ஆகும் என்று ரத்தத்தை வைத்தே சொல்ல முடியுமா? மாதாமாதம் ட்ரோபோனின் பார்க்கணுமா?
- வாசகி, கோவில்பட்டி

பதில்: முதலில் அந்தக் காகிதத்தை அப்பாவிடமிருந்து வாங்கி பீரோவில் வையுங்கள், அம்மா.

ட்ரோபோனின் இதயத் தசைக்குள் இருக்கும் புரதம். தசை செத்தால் ரத்தத்தில் கசியும். வலி வந்து மூன்று நான்கு மணி நேரத்தில் ஏறி, ஒரு நாளுக்குள் உச்சத்தைத் தொட்டு, இறங்க ஒன்றிரண்டு வாரம் ஆகும். அடைப்பை எடுத்ததும் ரத்தம் பாய்ந்து, தேங்கியதையெல்லாம் ஒரே மூச்சில் அடித்துக்கொண்டு வரும். அப்போது எண் இன்னும் எகிறும். உங்கள் அப்பாவின் 25,000-இல் அதற்கும் பங்கு உண்டு.

என்னிடம் வந்த ஒருவர் நெஞ்சுவலியை வாய்வு என்று நினைத்து, சோடா குடித்து, மூன்றாம் நாள்தான் வந்தார். ட்ரோபோனின் அதற்குள் பாதி இறங்கியிருந்தது. உங்கள் அப்பாவின் எண்ணில் கால்வாசிகூட இல்லை. ஆனால் பம்பிங், அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு, 30 சதவீதம்தான். செருப்பு நுழையாத அளவுக்குக் கால் வீங்கியிருந்தது.

அட்டாக் வந்தவரின் அடுத்த ஆறு மாத ஆபத்தைக் கணக்கிட நாங்கள் பயன்படுத்தும் கிரேஸ் ஸ்கோர், ட்ரோபோனின் ஏறியதா இல்லையா என்று மட்டும்தான் கேட்கும். எவ்வளவு என்று கேட்காது. வயது, நாடித்துடிப்பு, பிபி, ஈசிஜி மாற்றம், நுரையீரலில் நீர் கோத்ததா, இதயம் நின்று போனதா என்றெல்லாம் கேட்கும். ரத்தத்தில் அது கேட்கும் இன்னொன்று கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின். உங்கள் கடிதத்தில் அது இல்லை. சம்மரியில் தேடிப் பாருங்கள்.

வரும் நாளைப் பற்றி ட்ரோபோனினைவிட எனக்கு அதிகம் சொல்வது பிஎன்பி என்ற ஹார்மோன்தான்; உங்கள் சம்மரியில் உள்ள என்டி-ப்ரோபிஎன்பி அதோடு சேர்ந்து வரும் துண்டு. 1988-இல் ஜப்பானில் பன்றி மூளையில் கண்டுபிடித்தார்கள். பெயரில் உள்ள ‘பி’ அந்த மூளைதான், ஆங்கிலத்தில் பிரெயின். ஆனால் அதைச் சுரப்பது பெரும்பாலும் பாரம் தாங்காமல் விரியும் இதய அறை. அட்டாக் நேரத்தில் எடுத்த 1,840 எனக்கு ஆச்சரியம் இல்லை. வயதானாலும் கிட்னி மந்தமானாலும் கூடும். உடல் பருமனானவர்களுக்குக் குறைத்துக் காட்டும். ஆறு வாரம் கழித்து இதய ஸ்கேனான எக்கோவோடு சேர்த்து மறுபடி எடுங்கள். அட்டாக்கில் செத்த தசை போக, மயங்கிக் கிடக்கும் தசையும் உண்டு. அதற்குள் அது எழுந்துவிடும். 48 ஏற வாய்ப்பிருக்கிறது.

மாதாமாதம் ட்ரோபோனின் வேண்டாம், காசுக்குக் கேடு. அந்தப் பணத்தில் எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பைப் பாருங்கள். 55-க்குக் கீழே வர வேண்டும். சுகருக்கு மூன்று மாத சராசரியும் பாருங்கள். ரத்தம் உறையாமலிருக்கக் கொடுத்த இரண்டு மாத்திரைகளையும் டாக்டர் சொல்லாமல் ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது. பல் பிடுங்கப் போனாலும் சரி.

தினமும் காலையில் சாப்பிடும் முன் எடை பார்த்துக் காலண்டரில் குறிக்கச் சொல்லுங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினாலோ, படுத்தால் மூச்சு வாங்கினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். மறுபடி நெஞ்சுவலி வந்தால் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.