கொடுத்தேனா, எடுத்தார்களா?

கேள்வி:

மதிப்புக்குரிய ரீச்சர், 2009 பங்குனியில், போரின் கடைசிக் கட்டத்தில், மாத்தளனில் அப்பாவும் அம்மாவும் ஒரே நாளில் இறந்தபோது எனக்கு 27 வயது. தம்பிக்கு 16, தங்கைக்கு 12. எனக்குப் பேசியிருந்த கலியாணம், நாங்கள் செட்டிகுளம் முகாமிலிருந்து வெளியே வந்த பிறகு பேச்சோடு நின்றுவிட்டது; நானும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. தையல் வேலை செய்து இருவரையும் படிப்பித்தேன். அம்மாவின் தாலிக்கொடியை அடைவு வைத்துத் தம்பியைக் கனடாவுக்கு அனுப்பினேன். அது மீட்கப்படாமலே போய்விட்டது. தங்கையையும் கட்டிக்கொடுத்தேன். இப்போது தம்பி, அப்பாவின் வயலையும் வீட்டு வளவையும் தன் பெயருக்கு மாற்றித் தரச் சொல்கிறான். "அக்கா, எங்களுக்காக எல்லாத்தையும் குடுத்தனீங்கள், இதையும் குடுங்கோ" என்கிறான். செபக்குழுவில், "ஆண்டவர் தம் உயிரையே மனமுவந்து கொடுத்தவர், நீர் ஒரு காணித்துண்டுக்கு யோசிக்கிறீர்" என்கிறார்கள். எனக்குச் சிலுவைப்பாதையில் நிற்கும்போது எரிச்சல்தான் வருகிறது. நான் மனமுவந்து கொடுக்கவில்லை. வேறு வழியில்லாமல் செய்தேன். அப்படியானால் அது பலியாகுமா? அன்பே உருவான கடவுள் இப்படியெல்லாம் கேட்பாரா?

— பெயர் வேண்டாம், கிளிநொச்சி மாவட்டம்

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதம் கொப்பித் தாளில் இரண்டு பக்கம் இருந்தது. மேலே அச்சாகியிருப்பது அதன் சுருக்கம். இரண்டாம் பக்கத்தின் அடியில் ஒரு வரியை எழுதி, அதைப் பேனை அழுந்த அடித்து, பிறகு அடித்ததற்கு மேலேயே சிறிய எழுத்தில் திரும்பவும் எழுதியிருந்தீர்கள்: "நான் குடுத்தனானோ, எடுத்தவையோ?" மற்றக் கேள்விகளைச் செபக்குழுவின் சொற்களில் கேட்டிருக்கிறீர்கள், இது ஒன்றுதான் உங்கள் சொந்தச் சொல்லில் இருக்கிறது. ஆகவே இதிலிருந்தே தொடங்குகிறேன்.

இதே கேள்வியை ஆண்டவருடைய பாடுகளைக் குறித்தும் கேட்கலாம். யூதாசு அவரைக் காட்டிக்கொடுத்ததைச் சொல்ல நற்செய்தியாளர்கள் பயன்படுத்தும் கிரேக்க வினைச்சொல்லே, தலைமைக் குருக்கள் அவரைப் பிலாத்திடம் ஒப்புவித்ததற்கும், பிலாத்து அவரைச் சிலுவையில் அறையும்படி கையளித்ததற்கும் வருகிறது. தந்தையாகிய கடவுள் தம் மகனை நமக்காக ஒப்புவித்தார் என்று உரோமையருக்கு (8:32) எழுதும்போதும், மகனே தம்மை ஒப்புவித்தார் என்று கலாத்தியருக்கு (2:20) எழுதும்போதும் பவுல் அதே சொல்லைத்தான் எடுக்கிறார். தமிழாக்கத்தில் இடத்துக்கேற்பச் சொல் மாறிவிடுவதால் இது நம் கண்ணில் படுவதில்லை. நடந்தது ஒன்றுதான்: பணத்தை விரும்பியவனும் பதவிக்குப் பயந்தவர்களும் ஓர் உயிரை எடுத்தார்கள், அவர்கள் எடுப்பதற்கு முந்திய இரவிலேயே, பந்தியில் அப்பத்தைப் பிட்டு, அவர் அந்த உயிரைக் கொடுத்துவிட்டார். எடுத்தார்கள் என்பதும் உண்மை, கொடுத்தார் என்பதும் உண்மை. ஒன்று மற்றதை அழித்துவிடுவதில்லை.

உங்கள் பெற்றோரை நீங்கள் கொடுக்கவில்லை. பேசிவைத்த கலியாணத்தையும் கொடுக்கவில்லை, அவை எடுக்கப்பட்டவை. அதைப் பலி என்று அழகுபடுத்தும் உரிமை எனக்கும் இல்லை, உங்கள் செபக்குழுவுக்கும் இல்லை. மானிடமகன் எழுதப்பட்டுள்ளபடியே போகிறார் என்று சொன்ன அதே மூச்சில், அவரைக் காட்டிக்கொடுப்பவனுக்கு ஐயோ கேடு என்றும் ஆண்டவர் சொன்னதாக மாற்கு (14:21) எழுதியிருக்கிறார். கொடையிலிருந்து மீட்பு வந்தது என்பதற்காக எடுத்தவனுக்கு யாரும் நன்றி சொல்வதில்லை. ஆனால் அதற்குப் பிந்திய ஆண்டுகளில், காலையில் எழுந்து தையல் மெசினில் குந்தி, அந்தக் காசில் தங்கைக்குக் கொப்பியும் சப்பாத்தும் வாங்கினீர்களே, அதை உங்களிடமிருந்து யாரும் எடுக்கவில்லை. வேறு வழியில்லாமல் செய்தேன் என்கிறீர்கள். முகாமிலிருந்து வந்தவர்களில் அதே நிலையில் வேறு வழி பார்த்துப் போனவர்களை நானும் அறிவேன், நீங்களும் அறிவீர்கள். அவர்களைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. வழி இருந்தது, நீங்கள் போகவில்லை.

"மனமுவந்து" என்ற சொல்தான் உங்களை உறுத்துகிறது என நினைக்கிறேன். முகம் சுளிக்காமல், உள்ளுக்குள் ஒரு முனகலும் இல்லாமல் கொடுத்தால்தான் அது மனமுவந்த பலி என்று நம்முடைய பிரசங்கங்கள் பல காலமாக நமக்குச் சொல்லித் தந்துவிட்டன. ஆண்டவர் பிடிபடுவதற்கு முன் கெத்சமனித் தோட்டத்தில் நடந்தது அப்படியில்லை. இந்தக் கிண்ணத்தை என்னிடமிருந்து அகற்றும் என்று ஆண்டவர் கேட்டார்; ஒரு முறையல்ல, மூன்று முறை போய் வேண்டினார் என்கிறார் மத்தேயு. பிற்காலத்தில் இந்தச் செபம் பெரிய இறையியல் வழக்காகவே ஆனது. கிறிஸ்துவுக்குத் தெய்வீகச் சித்தம் ஒன்றே இருந்தது என்று பேரரசின் ஆதரவோடு போதிக்கப்பட்டபோது, புனித மாக்சிமுஸ் என்ற துறவி, சாவைக் கண்டு பின்வாங்கும் மனிதச் சித்தமும் அவருக்கு உண்மையாகவே இருந்தது, அந்தப் பின்வாங்கல் பாவமல்ல, அந்த மனிதச் சித்தமே தந்தைக்கு ஆம் என்று சொன்னது என வாதாடினார். 662இல் அவருடைய நாக்கையும் வலக்கையையும் வெட்டி நாடு கடத்தினார்கள். அதே ஆண்டில் இறந்தார். 680, 681ஆம் ஆண்டுகளில் கொன்ஸ்தாந்திநோபிளில் கூடிய திருச்சபையின் பொதுச்சங்கம், கிறிஸ்துவுக்கு இரண்டு சித்தங்கள் உண்டு என்று அறிக்கையிட்டது. ஒரு மனிதர் நாக்கைக் கொடுத்துக் காத்த போதனையை நாம் இன்று எவ்வளவு இலேசாக மறந்துவிட்டு, எரிச்சல் வந்தவுடன் பாவசங்கீர்த்தனத்துக்கு ஓடுகிறோம்! உங்களுடைய எரிச்சல் உங்கள் பலியைக் கெடுக்கவில்லை, தங்கையே. உங்களுக்கும் ஒரு மனம் இருந்தது, அதற்கும் ஆசைகள் இருந்தன என்பதைத்தான் அது காட்டுகிறது.

சிலுவைப்பாதையில் அடுத்த முறை ஐந்தாம் தலத்தில் சற்று நின்று பாருங்கள். வயல்வெளியிலிருந்து வந்துகொண்டிருந்த சிரேன் ஊர்ச் சீமோனை அவர்கள் கட்டாயப்படுத்திச் சிலுவையைச் சுமக்கச் செய்தார்கள் என்று மாற்கு எழுதுகிறார். அலக்சாந்தர், ரூபு ஆகியோரின் தந்தை என்று பிள்ளைகளின் பெயரையும் சேர்க்கிறார். அந்த மனிதர் மனமுவந்து வரவில்லை, வழியில் பிடிபட்டவர். ஆனாலும் பதினான்கு தலங்களில் ஒன்றைத் திருச்சபை அவருக்குத்தான் கொடுத்திருக்கிறது.

கடவுள் இப்படிக் கேட்பாரா என்பது அடுத்த கேள்வி. நம் தமிழில் தாலிக்கொடியையும் மீட்கிறோம், ஆன்மாவையும் மீட்கிறோம். இரண்டுக்கும் ஒரே சொல். பலருடைய மீட்புக்கு ஈடாகத் தம் உயிரைக் கொடுக்க வந்தேன் என்று ஆண்டவரே (மாற்கு 10:45) சொல்லும்போது, அடைவுகடைச் சீட்டைக் கையில் வைத்திருப்பவருக்கு இயல்பாகவே ஒரு கேள்வி எழும்: ஈட்டை வாங்கியவர் யார்? நான்காம் நூற்றாண்டில் நசியான்சு நகரப் புனித கிரகோரி தம் உயிர்ப்புவிழா மறையுரை ஒன்றில் இதையே நேராகக் கேட்டார். சாத்தானுக்கா கொடுக்கப்பட்டது? கள்வனுக்குக் கடவுளையே விலையாகக் கொடுப்பதா என்று சினந்தார். தந்தைக்கா? நம்மை அடைத்து வைத்திருந்தவர் அவர் இல்லையே. ஆபிரகாம் ஈசாக்கைக் கொண்டுவந்தபோதே வாங்காமல் ஆட்டுக்கடாவைக் காட்டியவர், தம் ஒரே மகனின் இரத்தத்தில் மகிழ்வது எப்படி என்று கேட்டார். நாங்கள் கும்பிடும் கடவுள் அடைவுகடை முதலாளி இல்லை. கிறிஸ்துவில் கடவுளே உலகைத் தம்மோடு ஒப்புரவாக்கிக்கொண்டிருந்தார் என்று பவுல் (2 கொரிந்தியர் 5:19) எழுதுகிறார். அங்கே கேட்பவர் ஒருவர், கொடுப்பவர் இன்னொருவர் என்று இருவர் எதிரெதிரே நிற்கவில்லை. செலவு முழுவதும் அந்தப் பக்கத்தில்தான். ஆகவே யாராவது கடவுளின் பெயரால் உங்களிடம் ஒன்றைக் கேட்டால், கேட்பவருக்கு அதில் என்ன செலவு என்று பாருங்கள். உங்கள் தம்பிக்கு இதில் ஒரு செலவும் இல்லை.

காணிக்கு வருகிறேன். உங்கள் செபக்குழு நினைவூட்டும் வசனம் யோவான் பத்தாம் அதிகாரத்தில் இருக்கிறது: என் உயிரை என்னிடமிருந்து பறிப்பவர் எவருமில்லை, நானாகவே கொடுக்கிறேன், கொடுக்கவும் எனக்கு அதிகாரம் உண்டு (10:18). பெரும்பாலும் அந்த வசனத்தோடு வாசிப்பை நிறுத்திவிடுவார்கள். அதே அதிகாரத்தைக் கடைசிவரை வாசியுங்கள். முப்பத்தோராம் வசனத்தில் அவர்மேல் எறியக் கல்லை எடுக்கிறார்கள். முப்பத்தொன்பதாம் வசனத்தில் பிடிக்க முயல்கிறார்கள், அவர் அவர்கள் கையிலிருந்து தப்பி, யோர்தானுக்கு அப்பால் போய்த் தங்குகிறார். உயிரை மனமுவந்து கொடுக்கிறேன் என்றவர், கேட்டு வந்தவர்களிடமெல்லாம் அதைக் கொடுக்கவில்லை. நாசரேத்தில் மலை விளிம்புக்குத் தள்ளிக்கொண்டு போனபோதும் கூட்டத்தின் நடுவே நடந்து போய்விட்டார். இல்லை என்று சொல்ல முடிந்தவர் ஆம் என்று சொன்னதனால்தான் அது கொடையாயிற்று. இல்லை என்று சொல்ல விடாமல், நாலு பேரை வைத்துக்கொண்டு, வேதவசனத்தைக் காட்டி வாங்குவதற்குத் தமிழில் வேறு பெயர் உண்டு. தன் சிலுவையைத் தூக்கிக்கொண்டு பின்செல்லும்படி ஆண்டவர் சொன்னது ஒவ்வொருவருக்கும்தான். அடுத்தவர் தோளில் சிலுவையை ஏற்றிவிட்டுக் கூடவே நடந்து வரும்படி யாருக்கும் சொல்லவில்லை.

வாங்குகிறவருக்கும் ஒரு கடமை உண்டு. அதைப் பற்றி நாம் பிரசங்கிப்பது குறைவு. 1941இல் அவுஷ்விட்ஸ் வதைமுகாமில், ஒரு கைதி தப்பினார் என்பதற்காகப் பத்துப் பேரைப் பட்டினியால் சாகடிக்கத் தெரிவு செய்தார்கள். அவர்களில் பிரான்சிஷெக் கயோவ்னிசெக் என்பவர் மனைவி பிள்ளைகளை நினைத்துக் கதறினார். வரிசையிலிருந்து மாக்சிமிலியன் கொல்பே என்ற பிரான்சிஸ்கன் குருவானவர் தாமாக முன்வந்து அவருக்குப் பதிலாகப் போனார். ஆகஸ்ட் 14ஆம் திகதி, உயிர் இன்னும் பிரியாதிருந்ததால், நஞ்சூசி போட்டுக் கொன்றார்கள். எனக்காக நீங்கள் போங்கள் என்று கயோவ்னிசெக் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். 1995இல் இறக்கும்வரை, தமக்காக ஒருவர் செத்தார் என்பதைப் போகுமிடமெல்லாம் அவர் சொல்லிக்கொண்டிருந்தார். 1982இல் கொல்பே புனிதராக அறிவிக்கப்பட்டபோது உரோமாபுரியில் அங்கேயே இருந்தார். இன்னொன்றையும் கொடு என்று கேட்பதற்கு முன், கிடைத்ததைப் பற்றி உங்கள் தம்பி இதுவரை யாரிடம் என்ன சொல்லியிருக்கிறார்? அந்தத் தாலிக்கொடி இன்று எவ்வளவு பெறும் என்றாவது ஒரு நாள் விசாரித்திருப்பாரா? கோபமில்லாமல் அவரிடமே கேட்டுப் பாருங்கள். சில பிள்ளைகளுக்கு அது உண்மையாகவே தெரியாது. மூத்தவர்கள் சொல்லாமலே விட்டுவிட்டோம்.

இனிச் செய்ய வேண்டியது. எந்தத் தாளிலும் இப்போது ஒப்பம் வைக்க வேண்டாம். அது அரசு அனுமதிப்பத்திரத்தில் தந்த காணியா, உறுதி எழுதிய சொந்தக் காணியா என்று நீங்கள் எழுதவில்லை. இரண்டுக்கும் முறை வேறு. பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் உங்கள் பங்கு என்ன, தங்கையின் பங்கு என்ன என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். தேவையென்றால் ஒரு சட்டத்தரணியையும் பாருங்கள். எல்லாம் தெரிந்த பிறகு, உங்கள் முதுமைக்கு ஒரு கூரையையும் ஒரு போக நெல்லையும் ஒதுக்கி வைத்துவிட்டு, மீதியைத் தம்பிக்குக் கொடுக்க உங்களுக்கே மனம் வந்தால் தாராளமாகக் கொடுங்கள். வராவிட்டால் இல்லை என்று சொல்லுங்கள். இரண்டில் எதைச் செய்தாலும் பூசையில் நன்மை (நற்கருணை) வாங்கத் தயங்க வேண்டாம்.

ஆவணியில் தம்பி குடும்பத்தோடு மடு மாதா திருவிழாவுக்கு வருகிறார், எல்லோருக்கும் சமைக்க நீங்கள் மூன்று நாள் முன்னதாகப் போகவேண்டியிருக்கும் என்று எழுதியிருந்தீர்கள். பெருநாளுக்கு முந்திய நாள், 14ஆம் திகதி, கொல்பேயின் நினைவுநாள். அன்று பின்னேரம் விறகையும் தண்ணீரையும் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு, நீங்கள் நேரத்தோடு குளித்து, நல்ல சீலை ஒன்றை உடுத்து, மாலை ஆராதனைக்குப் போய் முன்வரிசையில் இருங்கள்.