மூன்று கலம் வாங்கப் பணம் இருக்கிறது, எந்த மூன்று?

சுங்கை சிப்புட்டில் ஒரு தாமானில் குடியிருக்கும் வாசகர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "என் மகன் படிவம் 1-இலும், அக்காள் மகள் படிவம் 3-இலும் படிக்கிறார்கள். ஈப்போவில் உறவினர் வீட்டில் எக்ஸ்-விங் என்னும் ஸ்டார் வார்ஸ் விண்போர் மேசை விளையாட்டைப் பார்த்துவிட்டு வந்தது முதல் இருவருக்கும் வேறு பேச்சில்லை. இரண்டாம் பதிப்பின் அடிப்படைப் பெட்டியை வாங்கிவிட்டேன். அதில் ஓர் எக்ஸ்-விங்கும் இரண்டு டை ஃபைட்டர்களும் இருக்கின்றன. இப்போது ஒருவர் தம் பழைய சேகரிப்பை விற்கிறார். எக்ஸ்-விங், டை ஃபைட்டர், ஒய்-விங், ஏ-விங், டை இன்டர்செப்டர், டை அட்வான்ஸ்ட், டை ஃபேண்டம், மில்லேனியம் ஃபால்கன் எல்லாம் அவரிடம் உண்டு. மூன்று, மிஞ்சினால் நான்கு கலங்களுக்குத்தான் என் கையிருப்பு இடம் கொடுக்கும். எனக்கும் இந்த விளையாட்டு புதிது. எவற்றை வாங்கலாம்?"

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்னோர் எக்ஸ்-விங், இன்னும் இரண்டு டை ஃபைட்டர்கள் ஆகிய மூன்றையும் வாங்குங்கள். நான்காவதற்குப் பணம் மிஞ்சினால் டை அட்வான்ஸ்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே கையில் இருப்பதையே மறுபடியும் வாங்கச் சொல்வது பிள்ளைகளுக்கு ஏமாற்றமாக இருக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆயினும் இதற்கு வலுவான காரணம் உண்டு.

இந்த விளையாட்டில் ஒவ்வொரு சுற்றிலும் இரு தரப்பினரும் தத்தம் கலம் எத்தனை வேகத்தில் எந்தப் பக்கம் திரும்பப்போகிறது என்பதை அந்தக் கலத்துக்குரிய டயல் என்னும் சுழல்வட்டில் ரகசியமாகக் குறித்துக் கவிழ்த்து வைக்கிறார்கள். அதன்பின் இனிஷியேட்டிவ் என்னும் வரிசை எண் குறைந்த விமானி முதலில் நகர்கிறார். சுடும்போது இந்த வரிசை தலைகீழாகி, எண் கூடியவர் முதலில் சுடுகிறார். ஆகவே புதியவர் செய்யும் பிழை பகடையை உருட்டுவதற்கு வெகு முன்னரே, டயலைத் திருப்பும்போதே நிகழ்ந்துவிடுகிறது. எதிரி எங்கே வந்து நிற்பார் என்று கணிப்பதும், தன் கலம் நகர்ந்த பிறகு எங்கே போய் நிற்கும் என்று கண்ணால் அளப்பதுமே இங்கே கற்க வேண்டிய கலை. இரண்டாவதை எல்லாரும் குறைவாகவே மதிப்பிடுகிறார்கள். சிறிய கலத்தின் அடித்தட்டு 4 செ.மீ. நீளம். வேகம் 1-க்குரிய நேர் அளவுகோலும் 4 செ.மீ.தான், ஆனால் அளவுகோலின் முன்முனையில் கலத்தின் பின்பக்கத்தை வைப்பதால், வேகம் 1 என்று குறித்த கலம் உண்மையில் 8 செ.மீ. முன்னேறுகிறது. வேகம் 5-இல் அது 24 செ.மீ. ஆட்டக்களமோ ஏறக்குறைய 91 செ.மீ. சதுரம். எல்லைக்கு வெளியே கலத்தின் அடித்தட்டு சிறிதளவு நீண்டாலும் அந்தக் கலம் அழிந்ததாகவே கொள்ளப்படும். முதல் மாதத்தில் எதிரியின் குண்டுக்குத் தப்பி எல்லைக்கு வெளியே பறந்து ஒழிந்த டை ஃபைட்டர்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.

எனவே தொடக்கநிலைக் கலத்தை நான் ஒரே ஒரு கேள்வியால்தான் சோதிப்பேன்: இது அழிந்தபின், ஏன் அழிந்தது என்று பிள்ளையால் சொல்ல முடியுமா? ரப்பர் பால் வெட்டப் புதிதாக வருகிறவரிடம், மறுநடவுக்காகச் சாய்க்கப்படவிருக்கும் கிழட்டு மரங்களின் நிரையைக் கொடுப்பார்கள் என்று என் தந்தையார் சொல்வார். கத்தி ஆழமாக இறங்கிப் பட்டை காயம்பட்டாலும் தோட்டத்துக்கு நட்டமில்லை. வெட்டியவருக்கு மட்டும் தாம் எங்கே தவறினோம் என்பது மரத்திலேயே தெரியும். நாம் தேடும் கலமும் அப்படிப்பட்டதுதான். அது சில காயங்களைத் தாங்க வேண்டும். ஒவ்வொரு காயமும் எங்கிருந்து வந்தது என்பதும் புலப்பட வேண்டும்.

எக்ஸ்-விங் இதற்கு நன்றாகப் பொருந்துகிறது. தாக்குதல் (சுடும் பகடைகள்) 3, சுறுசுறுப்பு (தற்காப்புப் பகடைகள்) 2, உடல்வலு 4, கேடயம் 2 என்பது அதன் கணக்கு. ஆறு சேதம் தாங்கும் என்பதால் ஒரு பிழையோடு ஆட்டம் முடிந்துவிடாது. மூன்று பகடைகளால் சுடுவதால், சரியான இடத்தில் போய் நின்றதற்கான பலனும் உடனே கிடைக்கும். பின்னோக்கித் திரும்பும் கே-டர்ன் அதற்கு வேகம் 4-இல் மட்டுமே உண்டு. அதாவது, கே-டர்ன் போட வேண்டுமானால் முன்னால் 20 செ.மீ. வெற்றிடம் வேண்டும். இந்தக் கட்டுப்பாட்டைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. கற்பவருக்கு அது வரம் என்பேன், ஏனென்றால் இரண்டு சுற்று முன்னதாகவே இடம் பார்த்து வைக்கும் பழக்கத்தை அது தானாகவே உண்டாக்கிவிடுகிறது.

டை இன்டர்செப்டரை வேண்டாம் என்று நான் சொல்வதற்குப் பகடைக் கணக்கைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும். தற்காப்புக்குரிய பச்சைப் பகடைக்கு எட்டு முகங்கள்: மூன்றில் தப்பிப்பு, இரண்டில் ஃபோகஸ் கண், மூன்றில் ஒன்றுமில்லை. நகர்ந்தபின் செய்யும் ஒரு செயலால் கிடைக்கும் ஃபோகஸ் டோக்கன் கையிலிருந்தால் கண் முகங்களையும் தப்பிப்பாக மாற்றிக்கொள்ளலாம். சிவப்புப் பகடையில் நான்கு முகங்கள் அடி, இரண்டு கண், இரண்டு வெறுமை. இன்டர்செப்டருக்குச் சுறுசுறுப்பு 3. ஆனால் உடல்வலு 3 மட்டுமே, கேடயம் கிடையாது. டோக்கன் இல்லாதபோது அதன் மூன்று பச்சைப் பகடைகளும் ஒருசேரக் கைவிடுவதற்கான வாய்ப்பு 512-க்கு 125, அதாவது நான்கில் ஒன்று. டோக்கன் இருந்தால் 512-க்கு 27, ஏறக்குறைய இருபதில் ஒன்று. எதிரியான எக்ஸ்-விங் ஃபோகஸ் டோக்கனுடன் மிக அருகிலிருந்து, ஆகவே ஒரு பகடை கூடுதலாக நான்கு பகடைகளால் சுடுகிறது என்று வையுங்கள். இன்டர்செப்டரிடம் டோக்கன் இல்லையென்றால், அது அந்த ஒரே குண்டில் அழிவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் ஒன்று. டோக்கன் இருந்தால் எட்டில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவு.

இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். சிவப்பு நிறத்தில் குறிக்கப்பட்ட கடுந்திருப்பத்தைச் செய்த கலத்துக்கு ஸ்ட்ரெஸ் டோக்கன் வந்துவிடும். ஸ்ட்ரெஸ் உள்ள கலம் எந்தச் செயலையும் செய்ய முடியாது, ஆகவே ஃபோகஸும் எடுக்க முடியாது. களத்தில் தடையாக வைத்த விண்கல்லின் மேல் ஏறினாலும், வேறொரு கலத்தில் முட்டி நின்றாலும் செயல் பறிபோகும். இன்டர்செப்டரின் கவர்ச்சியே அதன் துள்ளலும் திருப்பமும்தான்; அந்தக் கவர்ச்சியில் மயங்கித்தான் புதியவர் ஸ்ட்ரெஸ் வாங்குகிறார், டோக்கனை இழக்கிறார், ஒரே குண்டில் போய்விடுகிறார். போனபின் அவர் சொல்வது "பகடை சரியில்லை" என்பதே. நானும் முதலில் வாங்கியது இரண்டு இன்டர்செப்டர்களைத்தான். ஆறு மாதம் பகடையைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அப்படியானால் டை ஃபைட்டரும் மூன்று உடல்வலு, கேடயமில்லாத கலம்தானே, அதை மட்டும் ஏன் பரிந்துரைக்கிறேன் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். டை ஃபைட்டர் தனியாக வருவதில்லை. நான்கில் ஒன்று போனாலும் மூன்று மிஞ்சி நிற்கின்றன; பிள்ளை தொடர்ந்து ஆடலாம், அடுத்த சுற்றிலேயே தன் பிழையைத் திருத்திப் பார்க்கலாம். தாக்குதல் 2 மட்டுமே என்பதால் ஒரு டையால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. நான்கும் ஒரே இலக்கின் மேல் பார்வை வைக்கும்படி அணிவகுத்தால்தான் பலன். அணிவகுப்பில் ஒன்றையொன்று முட்டாமல் நகர்த்துவது நல்ல பயிற்சி: முன்னால் நிற்பதை முதலில் நகர்த்த வேண்டும் என்பதை ஒருமுறை முட்டிக்கொண்ட பிள்ளைக்கு யாரும் மறுபடி சொல்லித்தர வேண்டியதில்லை. நான்கு டை ஃபைட்டர்களின் மொத்த உடல்வலு 12. இரண்டு எக்ஸ்-விங்குகளின் உடல்வலுவும் கேடயமும் சேர்ந்தும் 12. ஒரு பக்கம் எட்டுச் சிவப்புப் பகடைகள், மறுபக்கம் ஆறு. ஆனால் அந்த ஆறும் மும்மூன்றாக வருவதால் கனமாக விழும். வேறு எதையும் வாங்காமலே பல வாரங்கள் தாங்கும் சமநிலை இது.

டை அட்வான்ஸ்ட் அடுத்த படி. டை ஃபைட்டரின் எண்களோடு கேடயம் 2 கூடுதல். இலக்கின் மீது லாக் என்னும் குறிவைப்பை முன்னதாகவே வைத்திருந்தால் ஒரு பகடை கூடுதலாக உருட்டலாம், ஓர் அடியைக் கடும் அடியாகவும் மாற்றலாம். இன்று லாக் வைத்து நாளைக்கு அடிக்கும் பொறுமையை அது கற்றுத்தருகிறது. நான்காவது கலமாக இதை வாங்கினால், சில ஆட்டங்களில் நான்கு டைகளில் இரண்டை எடுத்துவிட்டு இதை நிறுத்திப் பாருங்கள். அதற்குரிய அட்டைகளில் டார்த் வேடர் இருப்பார். பிள்ளைகள் அவரைத்தான் கேட்பார்கள். இனிஷியேட்டிவ் 6 உடைய அவர் எல்லாருக்கும் கடைசியில், எல்லாவற்றையும் பார்த்துவிட்டு நகர்வார், முதலில் சுடுவார், ஃபோர்ஸ் என்னும் தம் தனி ஆற்றலைச் செலவிட்டுக் கூடுதல் செயலும் செய்வார். எதிரே இருக்கும் பிள்ளை அழும். முதல் இரண்டு மாதங்களுக்குப் பெயரில்லாத விமானிகளையே பயன்படுத்துங்கள்.

மில்லேனியம் ஃபால்கனைப் பற்றித்தான் உங்கள் வீட்டில் உண்மையான வாக்குவாதம் நடக்கும் என்று ஊகிக்கிறேன். பார்க்க அழகானது, உடல்வலு 8, கேடயம் 5 என்று பதின்மூன்று சேதம் தாங்குகிறது, சுழல்பீரங்கியால் எதிரெதிரான இரண்டு பக்கங்களில் சுடுகிறது. காயம் தாங்கும் கலம்தானே தேவை என்று சொன்னீர்கள் என என்னையே திருப்பிக் கேட்கலாம். ஆனால் நான் சொன்ன சோதனையின் இரண்டாம் பாதியில் ஃபால்கன் தோற்கிறது. சுறுசுறுப்பு 1 என்பதால் அது ஒவ்வொரு சுற்றிலும் எங்கே நின்றாலும் கொஞ்சம் கொஞ்சமாக அடி வாங்கிக்கொண்டே இருக்கும். எந்த நகர்வு கெடுத்தது என்று சொல்லவே முடியாது. மூக்கை எதிரியின் பக்கம் திருப்பாமலே சுட முடிவதால், பறக்கக் கற்கும் தேவையும் எழுவதில்லை. போதாக்குறைக்கு அதன் அடித்தட்டு 8 செ.மீ.; விண்கற்களுக்கிடையே அதை ஓட்டுவது தோட்டத்து மண்சாலையில் லோரியைத் திருப்புவது போன்றது. பிறந்தநாளுக்கு வாங்கி அலமாரியில் வையுங்கள், தவறில்லை.

ஒய்-விங் மெதுவானது, சேதம் எட்டுத் தாங்கும். தன் கலம் சீக்கிரம் அழிந்தால் சுருண்டுபோகும் பிள்ளைக்கு அது நல்ல துணை, மற்றபடி அவசரமில்லை. ஏ-விங் இன்டர்செப்டரின் உறவுமுறை, அதே காரணங்களுக்காகக் காத்திருக்கலாம். ஃபேண்டம் தன்னை மறைத்துக்கொண்டு, மறைப்பை நீக்கும்போது இடமும் மாறுகிற கலம். அதை இருவரில் யாருக்கும் இப்போது காட்டவே வேண்டாம்.

பணம் கொடுக்குமுன் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். இந்த விளையாட்டு ஃபேன்டசி ஃப்ளைட் கேம்ஸால் 2012-இல் வெளியிடப்பட்டது. 2018-இல் இரண்டாம் பதிப்பு வந்தபோது பொம்மைகள் அப்படியே இருக்க, டயல்களும் அட்டைகளும் மாறிவிட்டன. விமானி அட்டையின் கீழ்மூலையில் புள்ளிமதிப்பு அச்சிடப்பட்டிருந்தால் அது முதற்பதிப்பு அட்டை. இரண்டாம் பதிப்பு அட்டைகளில் புள்ளி அச்சிடப்படவில்லை. முதற்பதிப்புக் கலங்களை உங்கள் பெட்டியோடு சேர்த்து ஆட, புதிய டயல்களும் அட்டைகளும் அடங்கிய, அந்தந்தத் தரப்புக்குரிய மாற்றுப்பெட்டி தனியாக வேண்டும். அது இல்லாமல் விற்பவர் விலை குறைத்தாலும் அது மலிவல்ல. பின்னர் விளையாட்டைப் பொறுப்பேற்ற அட்டாமிக் மாஸ் கேம்ஸ் 2024-இல் மேற்கொண்டு உருவாக்குவதை நிறுத்திவிட்டதாக அறிவித்தது. ஆதலால் புதிய சரக்கை எதிர்பார்க்க முடியாது. டயலும் அட்டையும் முழுமையாக உள்ள கலத்துக்குச் சில ரிங்கிட் கூடக் கொடுப்பதில் தப்பில்லை. பொம்மையைத் தாங்கும் ஒளிபுகும் குச்சிகள் எளிதில் உடைவன; எண்ணி வாங்குங்கள்.

புள்ளிக்கணக்கு போட்டு அணி அமைப்பதை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். கறுப்புத் துணியொன்றை 91 செ.மீ. சதுரமாக வெட்டி மேசையில் விரித்து, நாடாவால் ஓரங்களை ஒட்டுங்கள். நின்றாடும் மின்விசிறியை டோக்கன்களின் பக்கம் திருப்பாதீர்கள். விதிப்படி விண்கற்கள் ஆறு வைக்க வேண்டும் என்றாலும், முதல் ஆட்டத்தில் ஒன்றும் வேண்டாம், அடுத்ததில் மூன்று, அதற்கடுத்து ஆறு என்று கூட்டுங்கள். ஓர் ஆட்டம் முடிந்ததும் இருவரும் தரப்பை மாற்றிக்கொள்ளட்டும். கலம் அழிந்த ஒவ்வொரு முறையும், அட்டைகளைப் பெட்டிக்குள் போடுமுன், எந்தச் சுற்றில் எந்த டயல் வேறு மாதிரி இருந்திருக்கலாம் என்று அந்தப் பிள்ளையிடம் கேளுங்கள்.