கரைந்தது திரும்பி வருகிறதா?

கரிமச் சேர்மம் கண்டறியும் பிராக்டிகல் நெருங்குகிறது. அதில் வரும் கரைதிறன் சோதனை பற்றி வந்த கேள்விகளில் சில.

பென்சாயிக் அமிலம் தண்ணீரில் கரையவில்லை. ‘அமிலம் இல்லை’ என்று எழுதி மார்க் போச்சு, சார். (மாணவி, தக்கலை)

தண்ணீரை மட்டும் நம்பினால் இப்படித்தான். 25 டிகிரியில் ஒரு லிட்டரில் 3.4 கிராம்தான் கரையும். 3 மில்லியில் 0.1 கிராம் போட்டால் பத்தில் ஒரு பங்குகூடத் தேறுவது சிரமம். அடுத்து 5 சதவீத சோடியம் பைகார்பனேட்டுக்குப் போயிருக்க வேண்டும். துகள்மேல் குமிழ்கள் ஒட்டி அதை மேலே தூக்கும், துகள் மெலிந்துகொண்டே போய்க் காணாமல் போகும். அதோடு நிறுத்தாதீர்கள். தெளிந்த கரைசலில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். பொங்கி அடங்கியதும் வெள்ளையாக வீழ்படிவு வரும். போனது திரும்பி வந்தால்தான் நான் நம்புவேன்.

கிராம்பு எண்ணெயில் பீனால் இருப்பதை இதே முறையில் காட்டலாமா? (ஆசிரியை, குலசேகரம்)

தாராளமாக. மாறாமலைக் கிராம்பு பக்கத்திலேயே இருக்கும்போது பாட்டில் பீனாலைத் தேடுவானேன்! எண்ணெயில் பெரும்பங்கு யூஜினால், அது ஒரு பீனால், அதாவது பென்சீன் வளையத்தில் ஹைட்ராக்சில் தொகுதி ஒட்டிய சேர்மம். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால் அடியில் போய் உட்காரும். பைகார்பனேட்டிலும் அசையாது. 5 சதவீத சோடியம் ஹைட்ராக்சைடில் குலுக்கினால் பெரும்பகுதி கரைந்து, பீனால் அல்லாத காரியோஃபிலின் போன்ற மிச்சம் கலங்கலாக நிற்கும். காரணம் அமில வலிமை. அதை அளக்கும் பிகேஏ மதிப்பு (குறையக் குறைய அமிலம் வலுவானது) பென்சாயிக் அமிலத்துக்கு 4.2, கார்போனிக் அமிலத்துக்கு 6.4, பீனாலுக்கு 10. கார்போனிக் அமிலத்தைவிட வலுவானதுதான் பைகார்பனேட்டைப் பொங்கவைக்கும். ஆனால் பொங்கினாலே கார்பாக்சிலிக் அமிலம் என்று அடித்துச் சொல்லவும் முடியாது. மூன்று நைட்ரோ தொகுதி சுமக்கும் பிக்ரிக் அமிலம் பீனால்தான், அதுவும் பொங்கும். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் பிள்ளைகளைக் காரத்தைத் தொடவிடாதீர்கள்.

அனிலின் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் மறைந்தது. கரைசலா, வினையா? (நாகர்கோவில்)

வினைதான். அனிலின் ஒரு காரம், அமிலத்தோடு சேர்ந்து உப்பானதால் கரைந்தது. காரம் சேர்த்தால் எண்ணெய்த் துளிகள் மறுபடி வரும்.

அடர் சல்பியூரிக் அமிலத்தில் கருத்துப்போனால் எப்படி எழுதுவது?

நிறம் மாறினாலும் சூடேறினாலும் கரைந்ததாகவே கணக்கு. ஆனால் தண்ணீரில் கரைந்த பொருளை இதில் போடுவது வீண்வேலை. சர்க்கரை கரியாவதைத்தான் பார்ப்பீர்கள்.

எந்தப் பொருளைப் போட்டாலும் பைகார்பனேட்டில் நுரை வருகிறதே? (மார்த்தாண்டம்)

டெஸ்ட் டியூபை எதில் கழுவினீர்கள்? படிக்கிற காலத்தில் நானும் அமிலமே இல்லாத நாப்தலீனை ‘அமிலம்’ என்று எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டவன். சோப்புநுரை மேலே தொப்பிபோல நின்றுவிடும். வாயு துகளிலிருந்து புறப்பட்டு, மேலே வந்து உடையும். அன்றிலிருந்து டியூபில் முதலில் வெறும் பைகார்பனேட்டை விட்டுக் குலுக்கிப் பார்த்துவிட்டுத்தான் பொருளைப் போடுகிறேன்.