சங்கத்துக்கு வந்த கடிதம் வேறு, உனக்கு வந்த கடிதம் வேறு

தம்பி, நீ எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவுதான். டெக்சாஸ் வந்து முதல் செமஸ்டர் இன்னும் முடியவில்லை. இந்திய மாணவர் சங்கத்தில் பொருளாளர் ஆகிவிட்டாய். சங்கத்தின் நடனக் குழுவில் புதுப் பிள்ளைகளுக்கு ‘வெல்கம் நைட்’ என்று சொல்லி, குடிக்கவைத்து, விடியவிடியத் தூங்கவிடாமல் வேலை வாங்கியதாகப் புகார் போயிருக்கிறது. சங்கத்தை நிறுத்திவைத்துவிட்டார்கள். டீன் ஆபீஸிலிருந்து உன்னையும் வரச் சொல்லி மெயில் வந்திருக்கிறது. நீ அன்றைக்கு அங்கே இல்லை, ஆனால் சரக்கு வாங்கிய காசு சங்கக் கணக்கிலிருந்து போனது. சீனியர்கள் ‘எல்லாரும் இதையே சொல்லுங்க’ என்று ஒரு கூகுள் டாக் அனுப்பியிருக்கிறார்கள். போகவேண்டுமா, விசா என்ன ஆகும் என்று கேட்கிறாய். கூடவே பழைய கார், கிரெடிட் கார்டு, பல் இன்ஷூரன்ஸ் பற்றியும் கேட்டிருக்கிறாய். அதெல்லாம் உன் ரூம்மேட்டே சொல்லிவிடுவான். நான் முதல் கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

அந்த கூகுள் டாக்கில் உன் பெயரைப் போடாதே. அதிலிருந்து ஒரு வரிகூட எடுத்துச் சொல்லாதே. அழிக்கவும் செய்யாதே. வாட்ஸ்அப் குரூப்பை விட்டு வெளியே வந்தாலும் பரவாயில்லை, செய்திகளை மட்டும் அழித்துவிடாதே.

2017 பிப்ரவரியில் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஒரு ஃப்ரெட்டர்னிட்டி (ஆண் மாணவர் சங்கம்) வீட்டில் இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவனை அளவுக்கு மீறிக் குடிக்கவைத்தார்கள். படியில் விழுந்தான். மணிக்கணக்காக யாரும் ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லை. இரண்டு நாளில் இறந்துபோனான். அந்த வீட்டின் அடித்தளத்துக் கேமராப் பதிவை அழித்துவிட்டால் முடிந்தது என்று நினைத்தார்கள். எஃப்.பி.ஐ. அதை மீட்டெடுத்தது. அதற்கப்புறம் புதிதாகச் சிலர் மேல் வழக்கு வந்தது. அந்தப் பையன் பெயரிலேயே 2018இல் பென்சில்வேனியாவில் சட்டம் வந்தது.

‘அது வெள்ளைக்காரப் பையன்கள் குடித்துக் கும்மாளம் போடும் இடம், நம்ம சங்கம் அப்படியா’ என்று உன் சீனியர் சொல்வான். 2013 டிசம்பரில் நியூயார்க் பாருக் கல்லூரியின் ஆசிய அமெரிக்க மாணவர் ஃப்ரெட்டர்னிட்டி ஒன்று புதுப் பையன்களைப் பென்சில்வேனியாவின் போக்கனோ மலைக்கு அழைத்துப்போனது. கண்ணைக் கட்டி, கனமான பையை முதுகில் மாட்டி, இருட்டில் நடக்கவைத்து, இடித்துத் தள்ளினார்கள். ஒரு முதலாண்டுப் பையன் நினைவிழந்தான். அவனுக்கு என்ன ஆயிற்று என்று இணையத்தில் தேடினார்கள், சங்கத்தின் அடையாளங்களை ஒளிக்கச் சொன்னார்கள், அப்புறம்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பையன் பிழைக்கவில்லை. 37 பேர் மேல் வழக்கு. அந்தச் சங்கத்தின் தேசிய அமைப்பு பென்சில்வேனியாவில் 10 ஆண்டுகள் இயங்கக்கூடாது என்று 2018இல் நீதிபதி தீர்ப்புக் கொடுத்தார். புது மண்ணில் நமக்கென்று ஒரு கூட்டம் வேண்டும் என்ற ஆசையில் சேர்ந்த பிள்ளைகள்தான் அவர்களும். அதனால்தான் ‘நம்மவர்கள்’ என்ற சொல்லைக் கேட்டவுடன் காவலைத் தளர்த்தாதே என்கிறேன். 2011இல் ஃபுளோரிடாவில் ஒரு கல்லூரிப் பேண்டு வாத்தியக் குழுவின் பஸ்ஸுக்குள்ளேயே ஒரு மாணவரை அடித்துக் கொன்றார்கள். பேண்டு, நடனம், விளையாட்டு எதுவும் விலக்கில்லை.

இனி ஆபீஸில் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். புகார் வந்ததும் பெரும்பாலும் சங்கத்துக்குத் தற்காலிகத் தடை போடுவார்கள். கூட்டம் கூடாது, ஹால் புக் செய்ய முடியாது, கணக்கில் கை வைக்கக்கூடாது. இது தண்டனை இல்லை, விசாரணை முடியும்வரை நிறுத்திவைப்பது. அதற்கப்புறம் சங்கத் தலைவருக்குக் குற்றச்சாட்டு எழுதிய கடிதம், ஒவ்வொருவராக அழைத்துப் பேசுவது, கடைசியில் சங்கமே ஒப்புக்கொண்டு முடித்துக்கொள்வது அல்லது ஒரு குழுவின் முன் விசாரணை. கோர்ட்டு மாதிரி சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கவேண்டியதில்லை. ‘நடந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம்’ என்று தோன்றினாலே போதும். எழுத்தில் எச்சரிக்கை, ப்ரொபேஷன் (கண்காணிப்பில் வைப்பது), சில வருடத் தடை, அங்கீகாரத்தையே எடுத்துவிடுவது என்று தண்டனை ஏறிக்கொண்டே போகும். அப்பீல் உண்டு. ஆனால் அதற்குக் கொடுக்கிற நாள் குறைவு.

அதில் சங்கத்தின் ஃபைல் ஒன்று, மாணவனின் ஃபைல் இன்னொன்று. நம் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இது தெரியாது. உனக்கு வந்த மெயிலை இன்னொரு தடவை படி. உன்னைச் சாட்சியாகக் கூப்பிட்டிருக்கிறார்களா, உன் மேலேயே குற்றம் எழுதியிருக்கிறார்களா என்று பார். சங்கத்துக்குத் தடை வந்தால் உன் ஐ-20க்கு, அதாவது விசாவுக்காகக் கல்லூரி கொடுத்த படிவத்துக்கு, ஒன்றும் ஆகாது. உன்னைத் தனியாக சஸ்பெண்ட் செய்தால் செவிஸில் (வெளிநாட்டு மாணவர்களுக்கான அரசுப் பதிவேட்டில்) உன் பதிவு முடிக்கப்படும், அப்போது படிப்பை முடித்தவர்களுக்கு நாட்டை விட்டுக் கிளம்பக் கிடைக்கிற 60 நாள் அவகாசம் உனக்குக் கிடையாது. அவ்வளவு தூரம் போகிற பையன்களை நான் பார்த்தவரை, அன்றைக்கு அங்கே இருந்ததால் போனவர்கள் குறைவு. பொய் சொன்னதால், செய்தியை அழித்ததால், புகார் கொடுத்தது யார் என்று தேடிப்போய் மிரட்டியதால் போனவர்கள்தான் அதிகம். கடைசியாகச் சொன்னது பழிவாங்கல் என்று தனிக் குற்றம். யார் கொடுத்தார்கள் என்ற பேச்சு உன் முன்னால் வந்தால் எழுந்து போய்விடு.

டெக்சாஸ் சட்டத்தில் இன்னும் இரண்டு விஷயம் இருக்கிறது. ‘அவங்களா விரும்பித்தான் குடிச்சாங்க’ என்ற வாதம் ஹேஸிங் (ராகிங்குக்கு இங்கே உள்ள பெயர்) வழக்கில் செல்லாது. நேரில் தெரிந்திருந்தும் சொல்லாமல் இருப்பதும் குற்றம், 180 நாள் வரை சிறை, 2,000 டாலர் வரை அபராதம். ஆபீஸ் கூப்பிடுவதற்கு முன் தானாகப் போய்ச் சொன்னவருக்குச் சட்டத்திலேயே பாதுகாப்பு உண்டு. உன்னைக் கூப்பிட்டாகிவிட்டது, அதனால் அந்தக் கதவு உனக்குப் பாதி மூடிவிட்டது. பணம் கொடுத்தது நீ என்பதால் முதலில் கேம்பஸில் மாணவர்களுக்கென்று வக்கீல் இருக்கிறாரா என்று பார். பெரிய அரசுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இருப்பார்கள். போலீஸ் உள்ளே வந்திருந்தால் வக்கீலைப் பார்க்காமல் வாயைத் திறக்காதே. சும்மா இருப்பது உன் உரிமை, பொய் சொல்வது உரிமை இல்லை.

ஊரில் இருந்தபோது ராகிங் என்றால் எனக்கு ஒரே நினைவுதான். 1996இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் நாவரசு கொல்லப்பட்ட செய்தி வந்த நாட்களில் என் அம்மா என்னை ஹாஸ்டலில் சேர்க்கவே மறுத்தார். அதற்கடுத்த ஆண்டே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தது. அங்கே தேடுவது செய்த ஆளை. இங்கே ஆளையும் தேடுவார்கள், அவன் பின்னால் நின்ற சங்கத்தையும் விடமாட்டார்கள். 2024 டிசம்பரில் பைடன் கையெழுத்திட்ட சட்டப்படி, எந்தச் சங்கம், என்ன செய்தது, என்ன தண்டனை என்று பல்கலைக்கழகங்கள் வெளிப்படையாக அறிக்கை போடவேண்டும். மாணவர் பெயர் இருக்காது, சங்கத்தின் பெயர் இருக்கும். டெக்சாஸில் 2019 முதலே இப்படி ஒரு சட்டம் உண்டு. அடுத்த தடவை ஒரு சங்கத்தில் பதவி எடுக்கும் முன் அந்தப் பட்டியலைத் தேடிப் பார்த்துவிட்டு எடு.

நான் 2002இல் வேறொரு மாநிலத்தில், பஸ் அபூர்வமாக வரும் ஒரு சின்னக் கல்லூரி ஊரில் வந்து இறங்கினேன். ஏர்போர்ட்டுக்கு வந்து அழைத்துப்போனது இந்திய மாணவர் சங்கம்தான். ஹாலில் கார்ப்பெட்டில் படுக்க இடம் கொடுத்தார்கள். முதல் வாரம் அவர்கள் சாப்பாட்டைத்தான் சாப்பிட்டேன். அந்த நன்றி எனக்கு இன்னும் இருக்கிறது. ஆனால் இரண்டாம் வாரத்திலிருந்து சனிக்கிழமைதோறும் புதிதாக வந்த பெண்கள் சீனியர்கள் எல்லாருக்கும் சமைக்கவேண்டும், பாத்திரம் கழுவவேண்டும். மறுத்தவளுக்கு மளிகைக் கடைக்குக் கார் கிடைக்காது. பையன்களுக்கு வேறு மாதிரி. ஜனவரியில் ஒரு இரவு, ஒரு பையனை ஹைவே ஓரத்தில் ஒரு கடையில் இறக்கிவிட்டு, நடந்து வா என்று காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பனியில் நடந்து வந்தான். விரல்கள் மரத்துக் கறுத்து ஆஸ்பத்திரிக்குப் போனான். அங்கிருந்துதான் விஷயம் வெளியே வந்தது.

எங்களையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். அதற்கு முந்தைய இரவு சீனியர் வீட்டில் கூட்டம். ‘நம்ம ஊரு விஷயம் நம்மோட இருக்கட்டும், வெள்ளைக்காரன்கிட்ட கொண்டுபோகாதீங்க.’ அவனே வழி தவறிவிட்டான் என்று எல்லாரும் சொல்வதாக ஏற்பாடு. நான் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன். சங்கத்துக்கு ஓராண்டுத் தடை, இரண்டு சீனியர்களுக்கு ப்ரொபேஷன். யாரையும் ஊருக்கு அனுப்பவில்லை. இதைத்தான் உனக்கு அழுத்திச் சொல்ல நினைக்கிறேன், வாட்ஸ்அப்பில் பயமுறுத்துகிறவர்கள் யாரும் இதைச் சொல்லமாட்டார்கள்.

அதற்கப்புறம் எனக்கு யாரும் கார் கொடுக்கவில்லை. தீபாவளிக்குக் கூப்பிடவில்லை. லேபில் இருந்த கொரியாக்காரப் பெண் ஒருத்தி காலி பார்க்கிங்கில் எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தாள். லைப்ரரியில் வேலை பார்த்த ஒரு பாட்டியம்மா தன் பழைய குளிர்கோட்டைக் கொடுத்தார். அந்த ஊரில் எனக்குத் தெரிந்த எல்லாத் தெருவையும் நானே நடந்து தெரிந்துகொண்டேன். இன்றைக்கு இந்த நாட்டில் எங்கே கொண்டுபோய் விட்டாலும் நான் பிழைத்துக்கொள்வேன் என்ற தைரியம் அங்கே வந்ததுதான்.

பல்கலைக்கழகத்தின் மேலும் எனக்குக் கோபம் உண்டு. சங்கத்துக்கு ஆலோசகர் என்று ஒரு பேராசிரியர் இருந்தார், வருடத்துக்கு ஒரு தடவை கையெழுத்துப் போடுவதோடு சரி. விசாரணை முடிந்த பிறகு அந்தப் பையனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் செமஸ்டர் முடிந்ததும் வேறு ஊருக்கு மாறிப்போனான். சங்கத்தைத் தண்டித்தால் கடமை முடிந்தது என்று நினைப்பது எனக்கு இன்றும் பொறுக்கவில்லை.

நம் ஆட்களிடம் உள்ள இன்னொரு குணமும் இங்கே சொல்லவேண்டும். இருபது வருடம் இங்கே இருந்துவிட்டு, கறுப்பினத்தவரைப் பற்றித் தரக்குறைவாகப் பேசுகிற மாமாக்கள் இருக்கிறார்கள். உனக்கு இன்றைக்கு முன்கூட்டியே கடிதம் கொடுத்து, உன் பக்கத்தைக் கேட்கிறார்களே, அது எப்படி வந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. 1960இல் அலபாமா ஸ்டேட் கல்லூரியின் கறுப்பின மாணவர்கள், தங்களுக்குச் சாப்பாடு மறுத்த கவுண்டரில் போய் உட்கார்ந்தார்கள். விசாரணையே இல்லாமல் கல்லூரியை விட்டு நீக்கினார்கள். வழக்குப் போட்டார்கள். அரசுக் கல்லூரி நோட்டீஸ் கொடுக்காமல், பேச வாய்ப்புக் கொடுக்காமல் மாணவனை நீக்கக்கூடாது என்று 1961இல் தீர்ப்பு வாங்கினார்கள். நீ போய் உட்காரப்போகிற நாற்காலி அவர்கள் வாங்கிக்கொடுத்தது.

வியாழக்கிழமை பத்து மணி என்று எழுதியிருக்கிறாய். நாளைக்கே மாணவர் வக்கீல் ஆபீஸுக்குப் போன் செய். தேதி போதவில்லை என்றால் சில நாள் தள்ளிக் கேட்டு மெயில் போடலாம், மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள். பதில் போடாமல் இருந்தால் நீ இல்லாமலே முடிவெடுத்துவிடுவார்கள். கணக்கிலிருந்து யார் கேட்டு, எந்தத் தேதியில், எவ்வளவு அனுப்பினாய், எதற்கு என்று சொல்லிக் கேட்டார்கள் என்பதை ஸெல் (Zelle) ஆப்பில் பணம் அனுப்பிய ரசீதுகளோடு ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொள். துணைக்கு ஒருவரை அழைத்துப்போகலாமா என்று மெயிலிலேயே இருக்கும். பெரும்பாலும் அனுமதிப்பார்கள், அவர் பேசக்கூடாது, பக்கத்தில் உட்காரலாம். தெரியாததைத் தெரியாது என்று சொல். சர்வதேச மாணவர் ஆபீஸில் உன் விசாப் பதிவைப் பார்த்துக்கொள்ளும் டி.எஸ்.ஓ. அதிகாரியிடமும் முன்னாலேயே போய்ப் பேசிவிடு. வீட்டில் அம்மாவிடம் நீயே சொல்லிவிடு, வேறு யார் வழியாகவும் போகவேண்டாம்.