கண்ணுக்குள் துடிக்கும் இரத்தநாளமும் உங்கள் மகளின் படிப்பும்

அம்மா, உங்கள் கடிதத்தை நிதானமாகப் படித்தேன். மருத்துவ நுழைவுத் தேர்வில் மகள் மறுபடியும் தவறிவிட்டாள். "இன்னொரு வருடம் உட்காரட்டும், இல்லையென்றால் பணம் கட்டியாவது சேர்த்துவிடு" என்று உங்கள் அண்ணன் நெருக்குகிறார். வீட்டை அடமானம் வைக்கப் படிவமும் வாங்கி வைத்திருக்கிறீர்கள். உங்கள் தவிப்பு எனக்குப் புரிகிறது. ஆனாலும், அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

பட்டம் வாங்க ஐந்தாறு வருடம், அதற்கு மேல் சிறப்புப் படிப்பு. அத்தனை காலமும் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். அண்ணன் யோசனை சொல்வார். தவணை கட்டப் போவது நீங்களும் அவளும்தான். விருப்பத்தோடு போகிற பிள்ளைக்கே இது பெரிய சுமை. உங்கள் மகளோ உயிரியலை உருப்போட்டு ஒப்பிக்கிறாள். கணக்கையும் இயற்பியலையும் யாரும் சொல்லாமலே எடுத்துப் படிக்கிறாள். இதை எழுதியிருப்பது நீங்களேதான்.

கடிதத்தின் நடுவே குறை சொல்வதுபோல் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "கைப்பேசிக் கேமராவில் விரலை வைத்துக்கொண்டு, நாடித் துடிப்பு என்று ஏதோ வரைபடம் போட்டுப் பொழுதைக் கழிக்கிறாள்." அம்மா, என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அந்த வரிதான். ஒவ்வொரு இதயத் துடிப்பிலும் விரலில் இரத்தம் சற்றுக் கூடுகிறது. அது வெளிச்சத்தைக் கூடுதலாக விழுங்குவதால் படம் ஒரு இம்மி இருள்கிறது. மருத்துவமனையில் விரலில் மாட்டும் கிளிப் துடிப்பை எண்ணுவதும் இப்படித்தான். இதே அறிவைக் கொண்டு கண்ணுக்குள் இருக்கும் இரத்தநாளங்களின் துடிப்பை வீடியோவில் அளக்கும் துறை ஒன்று இருக்கிறது. பொறியியல், கணினி என்று எல்லோரும் சொல்லும் வழிகளை நீங்களே விசாரித்திருப்பீர்கள். இதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

உடலைக் கீறாமல் இரத்தநாளங்களை இவ்வளவு தெளிவாகப் பார்க்க விழித்திரையைப் போல் வேறு இடம் இல்லை. 1851இல் ஜெர்மன் அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ், கண்ணுக்குள் பார்க்க உதவும் விழி உள்நோக்கியை உருவாக்கினார். அடுத்த சில ஆண்டுகளிலேயே மருத்துவர்கள் ஒரு விந்தையைக் கண்டார்கள். தமனி துடிப்பது இயல்பு. ஆனால் பார்வை நரம்பு கண்ணைவிட்டு வெளியேறும் வட்டில், சிரையும் துடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சிரைக்கு ஒரு பக்கம் கண்ணின் அழுத்தம். வட்டைத் தாண்டினால் மறுபக்கம் மூளையைச் சூழ்ந்த திரவத்தின் அழுத்தம். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு துடிப்புதோறும் சற்று ஏறி இறங்குவதால் சிரை சுருங்கி விரிகிறது. மண்டையோட்டுக்குள் அழுத்தம் மிகும்போது பெரும்பாலும் இந்தத் துடிப்பு நின்றுவிடும். கண் அழுத்த நோயான கிளாக்கோமா உள்ளவர்களிடமும் இது குறைவாகவே காணப்படுகிறது. நல்ல உடல்நலத்தோடு இருப்பவர்களில் சிலருக்கும் கண்ணுக்குத் தெரிகிற துடிப்பு இருக்காது; ஆகவே துடிப்பு இல்லாததை மட்டும் வைத்து நோய் என்று சொல்லிவிட முடியாது.

இடுப்பில் ஊசி செலுத்தியோ மண்டையோட்டில் துளையிட்டோதான் மண்டைக்குள் இருக்கும் அழுத்தத்தை நேரடியாக அளக்க முடியும். கண் வழியாக ஒரு நல்ல குறிப்பு கிடைத்தால் நோயாளிக்கு எவ்வளவு வலி மிச்சம்! மருத்துவர் வெறும் கண்ணால் பார்த்து "துடிக்கிறது", "துடிக்கவில்லை" என்று எழுதுவதை ஓர் எண்ணாக மாற்ற வேண்டும். அதற்குக் கணக்குத் தெரிந்தவர்கள் தேவைப்படுகிறார்கள்.

வேலை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். நரம்பு வட்டு ஏறக்குறைய 1.5 மில்லிமீட்டர் அகலம். அது திரையில் 500 பிக்சலாக விரிந்தால் ஒரு பிக்சல் 3 மைக்ரான்; மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. வட்டின் மேல் ஓடும் பெரிய நாளங்கள் நூறு, நூற்றைம்பது மைக்ரான் தடிமன் இருக்கும். தமனி துடிக்கும்போது அந்தத் தடிமனில் ஏற்படும் மாற்றமோ சில மைக்ரான்தான். அதாவது ஒன்றிரண்டு பிக்சல். நிமிடத்துக்கு 72 முறை துடிக்கும் இதயத்தை நொடிக்கு 30 படம் வீதம் பிடித்தால், ஒரு துடிப்புக்கு 25 படம் கிடைக்கும். போதும்தான். ஆனால் ஆடாமல் பார்க்கச் சொன்னாலும் கண் ஆடும். அந்த அசைவு நாம் தேடும் துடிப்பைவிடப் பெரியது. அதனால் முதலில் எல்லாப் படங்களையும் ஒன்றின்மேல் ஒன்று துல்லியமாகப் பொருத்த வேண்டும். இமைத்த படங்களைக் களைய வேண்டும். இரத்தத்தின் சிவப்பு நிறமியான ஹீமோகுளோபின் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சுவதால், வண்ணப் படத்தில் பச்சைப் பகுதியைத் தனியே பிரித்தால் நாளம் பளிச்சென்று தெரியும். பிறகு நாளத்தின் குறுக்கே ஒளியளவை வரைந்து, பிக்சலிலும் நுண்ணிய அளவுக்கு அதன் விளிம்பைக் கணிக்க வேண்டும். கடைசியில், ஒரு சிக்னலை அதிலுள்ள வெவ்வேறு அதிர்வெண்களாகப் பிரிக்கும் ஃபூரியர் பகுப்பாய்வில் இதயத்தின் அதிர்வெண்ணோடு ஒத்துப்போவதை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். விரலை வைத்து வரைபடம் போடும் பெண் இந்தப் பாதையின் முதல் படியில் ஏற்கெனவே நிற்கிறாள்.

நாளத் துடிப்பை அளப்பது என்ற பெயரிலேயே பட்டம் தேடாதீர்கள். இதையே சிறப்புப் படிப்பு என்று விளம்பரம் செய்து பெருங்கட்டணம் கேட்கும் கல்லூரியின் பக்கமே போகாதீர்கள். நோயாளிகளோடு பழக அவளுக்குப் பிடித்தால், கண்ணையும் பார்வையையும் பரிசோதிக்கக் கற்றுத்தரும் ஆப்டோமெட்ரி. கருவியும் கணக்கும்தான் பிடிக்கும் என்றால் இயற்பியல் அல்லது உயிர்மருத்துவப் பொறியியல். இரண்டில் எது என்று அவள் சொல்லட்டும். அண்ணனுக்கு அதில் வாக்கு இல்லை. உங்களுக்கும் ஆலோசனை சொல்லும் உரிமை மட்டும்தான். சேரும் முன் கல்லூரியில் இரண்டு கேள்வி கேளுங்கள்: மாணவர்களை மருத்துவமனையின் கண் பிரிவுக்கு உண்மையில் அனுப்புகிறீர்களா? சிக்னல் பகுப்பாய்வையும் படப் பகுப்பாய்வையும் நிரல் எழுதவைத்துக் கற்பிக்கிறீர்களா? மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஒன்றை மறைக்க மாட்டேன். நாளத் துடிப்பை மட்டும் அளக்கும் வேலைகள் குறைவு. ஆராய்ச்சிக்குள் போக வேண்டுமென்றால் முதுகலையும் முனைவர் பட்டமும் தேவைப்படும். ஆனால் இந்தத் திறமை ஒரே கதவை மட்டும் திறப்பதில்லை. கண் மருத்துவமனைகளின் படப்பிடிப்புப் பிரிவு, மருந்துச் சோதனைகளுக்காக விழித்திரைப் படங்களை ஆராயும் மையங்கள், மருத்துவக் கருவி நிறுவனங்கள் எல்லாவற்றிலும் இதே கைத்திறன் வேண்டும். முனைவர் படிப்புக்கு உதவித்தொகை தரும் இடத்துக்கு மட்டுமே அவள் போகட்டும். கடன் வாங்கி ஆராய்ச்சி செய்ய விடாதீர்கள்.

இந்த வாரம் அவளை, படங்களை அளந்து ஆராய உதவும் இமேஜ்ஜே (ImageJ) என்ற மென்பொருளை இறக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். இலவசம்தான். விரல் வீடியோவை அதில் படம் படமாகத் திறந்து, சிவப்பு, பச்சை, நீலம் மூன்றிலும் துடிப்பைத் தனித்தனியே வரைந்து ஒப்பிடட்டும். அவள் எழுதும் குறிப்புகளோடு வாருங்கள். எந்தக் கல்லூரி என்பதை அப்போது பேசலாம்.