புளியரை தாண்டித் தனியாக: திருச்சூர் வரை கார் ஓட்ட விரும்பும் வாசகிக்கு

கேள்வி: எனக்கு வயது 57. கடையநல்லூரில் வசிக்கிறேன்; ஆசிரியப் பணியிலிருந்து விருப்ப ஓய்வு பெற்றவள். பன்னிரண்டு ஆண்டுகளாகக் கார் ஓட்டுகிறேன் என்றாலும், தென்காசி, திருநெல்வேலிக்கு அப்பால் தனியாகச் சென்றதில்லை. நெடும்பயணங்களில் என் கணவர்தான் ஓட்டுவார். அவர் காலமாகி ஒன்றரை ஆண்டு ஆகிறது. திருச்சூரில் இருக்கும் மகள் வீட்டுக்கு ஆரியங்காவு வழியாக நானே ஓட்டிச் செல்ல விரும்புகிறேன். மகன் வேண்டாம் என்கிறான். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். நான் போகலாமா? எவற்றைக் கவனிக்க வேண்டும்?

பதில்: போகலாம் அம்மா. செங்கோட்டை வட்டாரத்தில் பல ஆண்டுகளாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்து வருபவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். பன்னிரண்டு ஆண்டுகள் விபத்தின்றி ஊருக்குள் ஓட்டியவருக்கு, மாட்டையும் ஆட்டோவையும் மினி பேருந்தையும் ஒரே தெருவில் சமாளித்த அனுபவம் இருக்கும். அதைவிடக் கடினமான ஓட்டுத்திறனைக் கேரளத்துச் சாலை உங்களிடம் கேட்கப்போவதில்லை. மாறப்போவது ஒன்றுதான். பக்கத்து இருக்கையில் ஒருவர் இருந்தால், வழி பார்ப்பது, தொலைபேசியை எடுப்பது, 'முகம் வாடியிருக்கிறது, சற்று நிறுத்து' என்று சொல்வது ஆகியவற்றையெல்லாம் அவர் செய்துவிடுவார். தனியாகச் செல்பவர் இந்த வேலைகளைப் புறப்படுவதற்கு முன்பே முடித்திருக்க வேண்டும், அல்லது வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுச் செய்ய வேண்டும்.

முதலில் காகிதங்கள். கார் யார் பெயரில் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. கணவர் பெயரில் இருக்கக்கூடும் என்று ஊகிக்கிறேன். அப்படியானால் பயணத் தேதியைக் குறிப்பதற்கு முன் அதை மாற்றிவிடுங்கள். உரிமையாளர் இறந்தால் 30 நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதங்களுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது சட்டம். காலம் கடந்துவிட்டது என்று தயங்க வேண்டாம். படிவம் 31, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, உங்கள் பிள்ளைகளின் சம்மதக் கடிதம் ஆகியவற்றுடன் இப்போதாவது செல்லுங்கள். காப்பீட்டிலும் இதே சிக்கல் உண்டு. காப்பீடு பெற்றவர் இறந்தால், அந்தப் பாலிசி மூன்று மாதம் வரையிலோ அது முடியும் நாள் வரையிலோ, எது முந்தியதோ அதுவரைதான் வாரிசுகளுக்குக் கைகொடுக்கும். அதன் பிறகு இணையத்தில் பழைய பெயரிலேயே பணம் கட்டிப் புதுப்பித்திருந்தால், சேதத்துக்கு இழப்பீடு கேட்கும்போது மறுக்கப்படவே வாய்ப்பு அதிகம். உரிமையாளரே ஓட்டுநராக இருக்கும்போது கிடைக்கும் 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடும், ஆர்.சி. புத்தகத்தில் பெயர் உள்ளவருக்கே உரியது. தனியாக ஓட்டிச் செல்லும் உங்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லாமல் போகக் கூடாது.

பெயர் மாற்றத்தை வலியுறுத்த இன்னொரு காரணமும் உண்டு. கேரளம் 2023 ஜூன் 5 முதல், செயற்கை நுண்ணறிவு கொண்ட நூற்றுக்கணக்கான கேமராக்களை வைத்து அபராதம் விதித்து வருகிறது. சீட் பெல்ட் அணியாததையும், கையில் தொலைபேசி இருப்பதையும் அவை படம் பிடிக்கும். யாரும் உங்களை வழிமறிக்க மாட்டார்கள். அபராதச் செய்தி, வண்டிப் பதிவில் இணைக்கப்பட்ட தொலைபேசி எண்ணுக்கு வரும். அது உங்கள் கணவரின் பழைய எண்ணாக இருந்தால் அபராதம் உங்களுக்குத் தெரியாமலே நிலுவையில் கிடக்கும். ஆகவே ஆர்.சி.யிலும் ஃபாஸ்டேகிலும் உங்கள் எண்ணையே இணையுங்கள். ஓட்டுநர் உரிமத்தின் முடிவுத் தேதியையும் பாருங்கள். 50 வயதைக் கடந்து 55 எட்டுவதற்குள் புதுப்பித்தவர்களுக்கு 60 வயது வரையும், 55க்குப் பின் புதுப்பிப்பவர்களுக்கு ஐந்தைந்து ஆண்டுகளுக்கும் உரிமம் தரப்படுகிறது. எல்லை கடப்பதற்கென்று சொந்தக் காருக்குத் தனி அனுமதியோ வரியோ கிடையாது. டிஜிலாக்கரில் உள்ள ஆவணங்கள் செல்லும். இருந்தாலும் மலைப்பகுதியில் இணைப்பு அறுந்துபோகும் என்பதால் காகித நகல்களும் வண்டியில் இருக்கட்டும்.

இனி வழி. செங்கோட்டையிலிருந்து திருச்சூர் ஏறத்தாழ 290 கிலோமீட்டர். நான்குவழிச் சாலையில் மதுரைக்கு அப்பால் பயணம் செய்து பழகியவர்கள் இதை ஐந்து மணி நேரப் பயணம் என்று கணக்கிட்டுவிடுகிறார்கள். கேரளத்தில் ஓர் ஊர் முடிந்து இன்னோர் ஊர் தொடங்கும் இடைவெளியே அரிது. பள்ளி, தேவாலயம், கடைவீதி, பேருந்து நிறுத்தம் என்று சாலை முழுவதும் மனிதர்கள் இருப்பார்கள். மணிக்கு 35 முதல் 40 கிலோமீட்டர் என்று கணக்கு வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இராது. அப்படியென்றால் ஓய்வையும் சேர்த்து ஒன்பது, பத்து மணி நேரம் ஆகும். முதல் தனிப் பயணத்தில் அதை ஒரே நாளில் ஓட்ட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கோட்டயத்திலோ ஏற்றுமானூரிலோ ஓர் இரவு தங்குங்கள். அது ஏறக்குறைய சரிபாதி தூரம்.

புனலூருக்குப் பின் இரண்டு வழிகள் உள்ளன. பத்தனம்திட்டா, ராந்நி, பொன்குன்னம், தொடுபுழா வழியாக மூவாற்றுப்புழா செல்லும் கிழக்கு நெடுஞ்சாலை நன்றாக அகலப்படுத்தப்பட்டது; நெரிசல் குறைவு. மற்றொன்று, கொட்டாரக்கரைக்குச் சென்று எம்.சி. (மெயின் சென்ட்ரல்) ரோட்டைப் பிடிப்பது. திருவனந்தபுரத்தில் தொடங்கி அங்கமாலி வரை 240 கிலோமீட்டர் செல்லும் இந்தப் பழைய சாலை, அடூர், பந்தளம், செங்கன்னூர், திருவல்லா, சங்ஙனாசேரி, கோட்டயம் என்று ஊர் ஊராக நுழைந்து போகும், பொறுமையைச் சோதிக்கும். ஆனாலும் உங்களுக்கு நான் சொல்வது எம்.சி. ரோடுதான். ரப்பர் தோட்டத்து வளைவுகளில் வேகமாக வரும் வண்டிகள் அங்கே குறைவு. டயர் பஞ்சரானாலும் தலைசுற்றினாலும் சில நிமிடத் தொலைவில் ஒரு கடையோ மருத்துவமனையோ இருக்கும். தனியாகச் செல்பவருக்கு இந்த வசதி, மிச்சமாகும் அரை மணி நேரத்தைவிடப் பெரியது. அங்கமாலியில் தேசிய நெடுஞ்சாலை 544ஐப் பிடித்துவிட்டால் திருச்சூருக்கு நேர்வழி.

தொலைபேசி வரைபடத்தை முந்திய நாளே தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அது காட்டும் குறுக்குவழிகளை மட்டும் ஏற்காதீர்கள். மேக்கரையிலிருந்து அச்சன்கோவிலுக்கு ஏறும் காட்டுவழி அதில் குறுகியதாகத் தெரியலாம். தனியாக அங்கே செல்ல வேண்டாம். 2024 மே மாதம், நீங்கள் தங்கப்போகும் அதே கோட்டயம் மாவட்டத்தில், குறுப்பந்தறை என்னும் ஊரில், வரைபடத்தை நம்பி இரவு மழையில் சென்ற சுற்றுலாப் பயணிகளின் கார் நேராக ஓடைக்குள் இறங்கிவிட்டது. அவர்கள் உயிர் பிழைத்தார்கள். சந்தேகம் வந்தால் கண்ணாடியை இறக்கித் தமிழிலேயே கேளுங்கள். 'நேரே போயால் மதி' என்று பதில் வந்தால், நேராகப் போனால் போதும் என்று பொருள். 'வளவு' என்றால் நம் பக்கத்து வீட்டு வளவு அன்று, சாலை வளைவு. 'உருள்பொட்டல்' என்ற சொல் காதில் விழுந்தால் மலைச்சரிவில் மண்ணும் பாறையும் சேர்ந்து இறங்கியிருக்கிறது என்று அறிந்து, அந்தப் பக்கம் போகாமல் திரும்பிவிடுங்கள்.

தமிழக எல்லை ஊரான புளியரைக்கு மேல் உள்ள எஸ் வளைவு நீங்கள் அறிந்ததுதான். எம்-சாண்டும் ஜல்லியும் ஏற்றிய டாரஸ் எனப்படும் கனரக லாரிகள் அங்கே வளைவின் முழு அகலத்தையும் எடுத்துக்கொண்டுதான் திரும்ப முடியும். எதிரே லாரி தெரிந்தால் வளைவுக்கு முன்பே நின்றுவிடுங்கள். பின்னால் வருபவர் ஹாரன் அடித்தாலும் அசைய வேண்டாம். ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது விதி, ஆனால் அதை எதிர்பார்த்து ஓட்டாதீர்கள். கொட்டாரக்கரை தாண்டியதும் நீங்கள் சந்திக்கப்போவது விரைவுப் பேருந்துகளை. அவை ஒட்டி வந்து முந்தும். இடம் கொடுத்துவிடுவதே சரி.

வண்டியைப் பற்றி இரண்டே செய்திகள். உங்கள் கார் குறைவாக ஓடும் கார் என்பதால் டயரின் பட்டன் (சாலையைத் தொடும் மேடுகள்) தேயாமலே ரப்பர் இறுகியிருக்கலாம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. ஐந்தாறு ஆண்டுகள் கடந்திருந்தால் நல்ல மெக்கானிக்கிடம் காட்டி, அவர் மாற்றச் சொன்னால் மாற்றிவிடுங்கள். மழையில் கேரளத்துச் சாலையில் இறுகிய டயர் பிடிக்காது. இரண்டாவது, சக்கர நட்டுகள். சில ஆண்டுகளுக்கு முன் தென்மலைக்கு அருகே எனக்கு டயர் இறங்கியது. முந்தைய வாரம்தான் ஒரு பணிமனையில் சக்கரங்களைக் காற்றுத் துப்பாக்கியால் முடுக்கித் தந்திருந்தார்கள். வண்டியோடு வந்த ஸ்பேனரில் ஏறி நின்று மிதித்தும் ஒரு நட்டுகூட அசையவில்லை. ஒரு மணி நேரம் கழித்து வந்த லாரி ஓட்டுநர் ஒருவர்தான் நீளமான ஸ்பேனரால் கழற்றித் தந்தார். அன்றிலிருந்து என் மாணவர் ஒவ்வொருவரையும் வீட்டு வாசலிலேயே ஒரு சக்கரத்தைத் தாமே கழற்றி மாட்டச் செய்கிறேன். நீங்களும் செய்து பாருங்கள். முடியவில்லையென்றால் மெக்கானிக்கிடம் கையால் முடுக்கச் சொல்லி, நீளக் கைப்பிடி ஸ்பேனர் ஒன்றும், காற்றடிக்கும் சிறு பம்ப்பும் வாங்கி வையுங்கள். பெட்ரோலைச் செங்கோட்டையிலேயே நிரப்பிவிடுங்கள். எல்லைக்கு அப்பால் விலை கூடுதல்.

உங்கள் உடல்நிலையைப் பற்றித்தான் நான் மிகவும் கவலைப்படுகிறேன். மாத்திரை போட்டுக்கொண்டு, 'அடுத்த ஊரில் சாப்பிடலாம்' என்று தள்ளிப்போட்டால் சர்க்கரை இறங்கக்கூடும். வியர்வை, கைநடுக்கம், காரணமில்லாத எரிச்சல் இவை முதல் அறிகுறிகள். உடன் ஒருவர் இருந்தால் பேச்சிலேயே கண்டுபிடித்துவிடுவார். தனியாக இருப்பவர் அதைத் தூக்கமென்று நினைத்து ஓட்டிக்கொண்டே போவார். குளுக்கோஸ் பொட்டலமும் சர்க்கரையும் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். நடுக்கம் தெரிந்தால் உடனே நிறுத்தி உண்டு, முழுதும் தெளிந்த பிறகே சாவியைத் திருப்புங்கள். கிளம்புவதற்கு முன் உங்கள் மருத்துவரிடம் இந்தப் பயணத்தைச் சொல்லி மாத்திரை நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் வரும் பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அது களைப்பை இரட்டிப்பாக்கும். கேரளத்தில் உள்ளாட்சி அமைப்புகள் 'டேக் எ பிரேக்' என்ற பெயரில் சாலையோரக் கழிப்பறைகளையும் ஓய்விடங்களையும் கட்டியிருக்கின்றன. பெட்ரோல் பங்க்குகளும் உண்டு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்குங்கள். மதிய உணவுக்குப் பின் கண் சொருகினால் ஒரு காபி குடித்துவிட்டு, கதவைப் பூட்டி 20 நிமிடம் உறங்குங்கள். எழும்போது காபி வேலை செய்யத் தொடங்கியிருக்கும்.

காலத்தைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஜூன் தொடக்கத்தில் இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை வரும். ஐப்பசியில் துலாவர்ஷம் என்னும் வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் பிற்பகலில் இடியோடு இறங்கும். கார்த்திகை முதல் நாளிலிருந்து மகரவிளக்கு வரை ஆரியங்காவும் பந்தளமும் செங்கன்னூரும் ஏற்றுமானூரும் ஐயப்ப பக்தர்களின் வண்டிகளால் நிரம்பியிருக்கும். இரவெல்லாம் தூங்காமல் ஓட்டி வருபவர்கள் அவர்களிடையே பலர். ஆகவே தைப் பிற்பகுதியிலிருந்து மாசி முடிய உங்களுக்கு ஏற்ற காலம். காலை ஆறு மணிக்குப் புளியரையைத் தாண்டினால், வழியில் இளைப்பாறியும் பகல் ஒரு மணிக்குள் கோட்டயம் சேரலாம்; மறுநாள் ஆறரைக்குக் கிளம்பினால் மதிய உணவு மகள் வீட்டில். சூரியன் மறைந்த பிறகு ஓட்டுவதில்லை என்று முடிவுசெய்துகொள்ளுங்கள்.

உரசல் ஏதும் நேர்ந்தால் கூட்டத்தின் நடுவே பணம் பேச வேண்டாம். வண்டிகளைப் படமெடுத்து, 112க்கு அழையுங்கள். காயம் என்றால் 108. காப்பீட்டுக்குத் தேவைப்படும் என்பதால், கேரளக் காவல் நிலையத்தில் 'ஜி.டி. என்ட்ரி' (காவல் நிலையப் பொதுக் குறிப்பேட்டுப் பதிவு) வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். தேசிய நெடுஞ்சாலையில் வண்டி நின்றுவிட்டால் 1033.

உங்கள் மகனிடம் வாதாட வேண்டாம். எந்த ஊரில் எத்தனை மணிக்கு நிற்பீர்கள் என்று ஒரு தாளில் எழுதி அவருக்கும் மகளுக்கும் கொடுத்து, நின்ற இடத்திலிருந்து மட்டுமே அழைப்பேன், ஓடும்போது எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிடுங்கள். அதற்கு முன், ஆர்.சி. உங்கள் பெயருக்கு வந்ததும், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தனியாகத் தென்மலை வரை சென்று, பதின்மூன்று கண் ரயில் பாலத்துக்கு எதிரே ஒரு தேநீர் குடித்துத் திரும்புங்கள். கோட்டைவாசல் தாண்டிப் புளியரைக்கு இறங்கும்போது இரண்டாம் கியரிலேயே வாருங்கள். கீழே வந்து நிறுத்தியதும் சக்கரத்தருகே முகர்ந்து பாருங்கள். கருகிய வாடை வந்தால் பிரேக்கை அதிகம் மிதித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். அடுத்த ஞாயிறும் ஒருமுறை போய்வந்துவிட்டுத் திருச்சூருக்குத் தேதி குறியுங்கள்.