ஸ்பிட்ஃபயரும் எம்ஜிபியும்: கேள்வி பதில்

இங்கிலாந்தின் கவென்ட்ரியில் உள்ள என் கொட்டகையில் இரண்டு பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்கள் நிற்கின்றன: 1976-ஆம் ஆண்டு டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் 1500 ஒன்று, 1970-ஆம் ஆண்டு எம்ஜிபி ஒன்று. இவ்விரண்டைப் பற்றித்தான் எனக்குத் துணிந்து சொல்லத் தெரியும். ஜாகுவார் வைத்திருப்பவர்கள் வேறொருவரைக் கேட்பது நல்லது.

கே (லெஸ்டர்): 1971-ஆம் ஆண்டு எம்ஜிபி ரோட்ஸ்டர் ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. புதுப் பெயிண்ட் பளபளக்கிறது. எஞ்சினைத்தான் முதலில் பார்க்க வேண்டுமா?

ப: எஞ்சினைக் கடைசியில் பார்த்தால் போதும். அந்த 1798 சிசி எஞ்சின் எளிமையானது, உதிரிபாகங்களும் தாராளமாகக் கிடைக்கின்றன. ஆனால் இந்தக் காருக்குத் தனிச் சேஸிஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது. மேற்கூரையும் இல்லாததால், கதவுக்குக் கீழே பெட்டிபோல் ஓடும் ‘சில்’ என்ற பகுதிதான் காரின் முன்பாதியையும் பின்பாதியையும் பிணைத்து நிறுத்துகிறது. வெளித்தகடு புதிதாக இருக்கும். உள்ளே இருக்கும் தகடு அப்பளம்போல் நொறுங்கியிருக்கும். சிறு காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றிச் ‘சில்’ நெடுகிலும் நகர்த்திப் பாருங்கள். பிடிப்பு விடும் இடத்தில் இருப்பது இரும்பு அல்ல, ஓட்டையை மறைக்கப் பூசிய புட்டிப் பசை. பிறகு ஒரு பக்கத்தை ஜாக்கியில் தூக்கிவிட்டுக் கதவைத் திறந்து மூடுங்கள்; கதவு இடித்தால் விலை பேசாமல் திரும்பிவிடுங்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு ஒரு சொல்: கதவுகளைக் கழற்றிவிட்டு வெல்டிங் செய்யாதீர்கள். கதவு மாட்டியபடியே இருக்க, திறப்பின் குறுக்கே இரும்புக் குழாய் ஒன்றைத் தாங்கலாகப் பற்றவைத்து, ஒரு பக்கத்தை முழுவதும் முடித்த பிறகே மறுபக்கத்தில் கை வைக்க வேண்டும். பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் 1988 முதல் பழைய அச்சுகளைக் கொண்டே எம்ஜிபிக்கு முழுப் புது உடலைச் செய்து தருகிறது. விலை அதிகம்தான், ஆனாலும் மூன்று முறை வெல்டிங் செய்தவர்கள் அதைப் பற்றிக் குறை சொல்லி நான் கேட்டதில்லை.

கே (குராய்டன்): இ10 பெட்ரோல் போடலாமா?

ப: வேண்டாம். அதில் பத்து சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது, பழைய ரப்பருக்கு அது ஆகாது. 2021 செப்டம்பரில் இ10 பிரிட்டனுக்கு வந்ததிலிருந்து நான் எத்தனால் குறைவான இ5 சூப்பர் பெட்ரோல் மட்டுமே போடுகிறேன். பழைய ரப்பர் குழாய்களை எப்படியும் மாற்றிவிடுங்கள்.

கே (ரீடிங்): ஸ்பிட்ஃபயரின் முன்சக்கர டிரன்னியனுக்கு எந்தக் கிரீஸ் நல்லது?

ப: எந்தக் கிரீஸும் வேண்டாம். ஆயில் போட வேண்டும். ஈபி 90 என்ற கெட்டியான கியர் ஆயில்.

காரணத்தைச் சொல்கிறேன். சக்கரத்தைத் தாங்கும் எஃகுத் தண்டின் அடிமுனையில் மரை வெட்டியிருக்கிறது. அது டிரன்னியன் என்ற பித்தளைத் தாங்கிக்குள் திருகப்பட்டிருக்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரைதான் உள்ளே சுழல்கிறது. ஆயில் மரை முழுவதும் ஊறி இறங்கும். கிரீஸோ ஓரிடத்தில் காய்ந்து மெழுகாகிவிடும். பிறகு தண்ணீர் புகுந்து எஃகைத் தின்னத் தொடங்கும். தண்டு டிரன்னியனுக்குச் சற்று மேலே முறியும். சக்கரம் மடங்கி உள்ளே சாயும். எனக்கு அது ஒரு சூப்பர்மார்க்கெட் வாகன நிறுத்துமிடத்தில், ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்து ரிவர்ஸ் எடுக்கும்போது நேர்ந்தது. முறிந்த முகத்தைப் பார்த்தேன்: முக்கால் பங்கு பழுப்பு, கால் பங்கு மட்டுமே புதிய வெள்ளி நிறம். மாதக்கணக்கில் விரிந்துகொண்டிருந்த விரிசல் அது. ஒரு மணி நேரத்துக்கு முன் மோட்டார்வேயில் அறுபது மைல் வேகத்தில் வந்திருந்தேன்.

கே (பர்மிங்காம்): ஐயா, நீங்கள் மிகைப்படுத்துகிறீர்கள். என் தகப்பனார் சென்னையில் பத்து ஆண்டுகள் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு ஓட்டினார். எங்கள் மெக்கானிக் கிரீஸ்தான் அடித்தார். ஒன்றும் முறியவில்லை.

ப: கேட்க வேண்டிய கேள்விதான். ஸ்பிட்ஃபயரின் அடித்தளமே ஹெரால்டின் சேஸிஸைக் குறுக்கியதுதான். இரண்டுக்கும் உருவம் தந்தவரும் இத்தாலியரான மிக்கெலோட்டி ஒருவரே. ஆனால் சென்னைச் சாலைகளில் குளிர்காலத்தில் உப்புத் தூவுவதில்லை. இங்கே நவம்பர் முதல் மார்ச் வரை தூவுகிறார்கள். அதோடு, உங்கள் மெக்கானிக் அடிக்கடி அடித்திருப்பார். மாதம் ஒருமுறை புதுக் கிரீஸ் உள்ளே போனால் பழையது வெளியே தள்ளப்பட்டுவிடும். இங்கே ஆண்டுக்கு ஒருமுறை கொட்டகையைத் திறப்பவர்கள் அந்த அனுபவத்தைத் துணைக்கு அழைக்கக் கூடாது.

கே (பர்மிங்காம், மீண்டும்): அப்படியானால் அடிக்கடி கிரீஸ் அடித்தால் போதும் என்று ஒப்புக்கொள்கிறீர்கள்?

ப: அடிக்கடி அடித்தால் முறிவு தள்ளிப்போகும் என்று ஒப்புக்கொள்கிறேன். கிரீஸ் சரியானது என்று அல்ல. நிப்பிள் என்ற சிறு முனையைப் பொருத்தி, கிரீஸை அழுத்தி ஏற்றும் கிரீஸ் கன்னால்தான் ஆயிலையும் ஏற்றுகிறோம். கருவியின் பெயரைப் பார்த்துச் சரக்கை முடிவுசெய்ததால் வந்த குழப்பம் இது.

கே (ஹாரோ): எம்ஜிபிக்கும் ஆயில்தானா?

ப: இல்லை, அதற்குக் கிரீஸ். எம்ஜிபியில் சக்கரம் திரும்புவது கிங்பின் என்ற தண்டைச் சுற்றி, அமைப்பே வேறு. இரண்டு கார் வைத்திருப்பவர்கள் கன்னும் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கே (ஸ்லாவ்): லித்தியம் கிரீஸ் என்றால் ஸ்பிட்ஃபயருக்குப் பரவாயில்லையா?

ப: ஆயில்.

கே (லூட்டன்): ஆக்சிலரேட்டரை மிதித்தால் எம்ஜிபி ஒரு கணம் திணறுகிறது.

ப: எஸ்யூ கார்புரேட்டரின் தலையில் இருக்கும் மூடியைத் திருகி மேலே தூக்குங்கள். மீண்டும் இறக்கும்போது கையில் தடை தட்டுப்படாவிட்டால், உள்ளே அசைவை மெதுவாக்கும் டேம்பரில் ஆயில் இல்லை என்று பொருள். 20 கிரேடு ஆயில் விடுங்கள்.

கே (மில்டன் கீன்ஸ்): வாங்கி வைத்தால் விலை ஏறுமா?

ப: அது என் துறை அல்ல.

கே (டார்பி): நாற்பது ஆண்டுகளைத் தாண்டிய காருக்கு எம்ஓடி என்ற ஆண்டுத் தகுதிச் சோதனை தேவையில்லையே?

ப: பெரிய மாற்றங்கள் செய்யப்படாத காருக்கு 2018 மே மாதத்திலிருந்து அது கட்டாயமில்லை. நான் ஆண்டுதோறும் கொண்டுபோகிறேன். சோதிப்பவர் சக்கரத்தைப் பிடித்து ஆட்டும் அந்த அரை நிமிடத்துக்காகவே அந்தக் கட்டணத்தைக் கொடுக்கலாம்.

கே (ரீடிங், மீண்டும்): ஆயிலை எப்படி ஏற்றுவது? டிரன்னியனை மாற்றவேண்டி வந்தால்?

ப: முன்சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி, டிரன்னியனில் இருக்கும் சிறு அடைப்புத் திருகாணியைக் கழற்றி நிப்பிளைப் பொருத்துங்கள். மேற்பக்கம் ஆயில் கசியும்வரை அழுத்தி, ஸ்டியரிங்கை இருபுறமும் முழுவதும் திருப்பிவிட்டு, இன்னும் கொஞ்சம் அழுத்துங்கள். மாற்றுவதானால் தண்டையும் சேர்த்து மாற்றுங்கள். ஒரு பக்கத்துக்கு வலது மரை, மறுபக்கத்துக்கு இடது மரை. கடையில் பெட்டியைத் திறந்து பார்த்து வாங்குங்கள்.